சுத்தமான படத்தில் வெள்ளையன் இல்லை

போன வாரம் ஜவ்வாது மலையில் ஒரு மாடு தனியாக வீடு திரும்பியது. அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மலர்விழி என் கல்லூரித் தோழி. கணக்குப் பேராசிரியை. கணக்குப் போட்டுப் படங்களைத் துடைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மங்கலான படம், புள்ளி புள்ளியாகக் கறை விழுந்த படம் — எதைக் கொடுத்தாலும் அவள் எழுதிய புரோகிராம் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்துவிடும். இத்தனை வருஷமும் ஏசி அறையில் நடந்துகொண்டிருந்த இந்த வேலையை விவசாயப் பேராசிரியர் ஏழுமலை மலைமேல் கொண்டுவந்துவிட்டார்.

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சாமை. டிரோனில் ஒரு கேமரா கட்டிப் பறக்கவிடுகிறார்கள். அந்தக் கேமரா வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். தண்ணீர் போதாத பயிரின் இலை கொஞ்சம் கூடுதலாகச் சூடாகுமாம். நம் கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்கு முன்பே படத்தில் தெரிந்துவிடும் என்றார் ஏழுமலை. பத்திரிகைக்கு ஒரு பத்தி தேறுமே என்று நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

வெள்ளையன் என்பவருடைய நிலத்தில்தான் வேலை. போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மாடு திரும்பவில்லை, விடியற்காலையிலேயே அதைத் தேடிப் போயிருக்கிறார் என்றார் அவர் மனைவி காசியம்மா.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவாரு. குந்துங்க சார்."

உட்கார்ந்தோம். மத்தியானம் போனது. மூன்று மணிவாக்கில் அந்த மாடுதான் வந்தது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட, நேராகத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

காசியம்மா மாட்டைப் பார்க்கவில்லை. அது வந்த வழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் தம்பியைக் கூப்பிட்டார்.

"மணி, மாமா வர்லடா."

அன்று ஜமுனாமரத்தூரில் சந்தை. ஊரில் ஆண்கள் என்று பார்த்தால் இந்த மணியும் இரண்டு வயசாளிகளும்தான். மாடுகள் மேயப் போவது இரண்டு இடங்களுக்கு. மேற்கே பாறைக் கரடு, கிழக்கே ஓடைப் பள்ளம். ஒன்றுக்கொன்று நேர் எதிர்த் திசை. மாடு வந்த தடமோ கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் பிரிகிறது. மணி பள்ளத்தின் விளிம்புவரை ஓடிப் போய்க் கத்திப் பார்த்தான். மழைக்குப் பிறகு ஓடை இரைந்துகொண்டிருந்தது. அவன் குரலே அவனுக்குக் கேட்டிருக்காது.

மலையுச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அது மெல்ல இறங்கத் தொடங்கியது.

"டிரோனை அனுப்பலாம்" என்றார் ஏழுமலை. "ரெண்டு பேட்டரி இருக்கு. பள்ளத்துக்கு ஒன்னு, கரட்டுக்கு ஒன்னு."

பள்ளத்தின் மேல் பறந்துவிட்டு டிரோன் திரும்பியது. மலர்விழி லேப்டாப்பை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துப் படத்தைத் திறந்தாள். எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். புரோகிராம் தன் வேலையைச் செய்தது. திரையில் பள்ளம் முழுவதும் வழவழவென்று ஒரே நீலம். ஓடை மட்டும் கரும் கோடாக.

"இங்க இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். மணி கொடுவாளை எடுத்துக்கொண்டு கரட்டுப் பக்கம் நடந்துவிட்டான். காசியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார். மெத்தப் படித்தவர் சொல்லிவிட்டாரே... பிறகென்ன?

நான் மலர்விழியைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி, நில்லுங்க" என்று கத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"வயல் படத்துல காக்கா விழும், ஆடு விழும், வெயில்ல காஞ்ச கல்லு விழும். குட்டிக் குட்டிப் புள்ளியா. அதெல்லாம் வேணாம்னு தூக்கிப் போடத்தான் இந்த புரோகிராமையே எழுதினேன்." "அவ்வளவு ஒசரத்துலேர்ந்து பாத்தா ஒரு மனுஷனும் குட்டிப் புள்ளிதான்."

துடைக்காத படத்தைத் திறந்தாள். பொரியை வாரி இறைத்த மாதிரி இருந்தது. பள்ளம் முழுக்கச் சூட்டைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள்.

காசியம்மா திரும்பி வந்து பார்த்தார். "இதுல எது அவரு?"

"தெரியலம்மா. முக்கால்வாசி கல்லாத்தான் இருக்கும்."

"தெரியலன்னா எந்தப் பக்கம் நடக்கறது?"

மலர்விழியிடம் ஒரு யோசனை மட்டும் இருந்தது. வெயில் போய்விட்டது, மேகம் இறங்குகிறது. கல் ஆறத் தொடங்கும். மனுஷ உடம்பு அப்படிச் சீக்கிரம் ஆறாது. கொஞ்சம் காத்திருந்து அதே இடத்தை இன்னொரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், மங்காமல் நிற்கிற புள்ளிதான் உயிருள்ளது.

ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. "மேடம், கரட்டுப் பக்கம் நாம பாக்கவே இல்ல. இருக்கிறது ஒரே பேட்டரி. அதையும் பள்ளத்துக்கே விட்டா? அதுவும் காத்திருந்து? அதுக்குள்ள மேகம் மூடிடும், ரெண்டு பக்கமும் போயிடும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் கஷ்டம். அந்த இடத்தில் யாரும் முட்டாள்தனமாகப் பேசவில்லை.

"நீங்க குந்தினு இருங்க" என்றான் மணி, கோபமாக. "நான் கரட்டுல போய்க் கத்திப் பாத்துட்டு வர்றேன்." போய்விட்டான்.

காசியம்மா மலர்விழியிடம் கேட்டார். "உங்க வூட்டுக்காரரா இருந்தா இன்னா செய்வீங்க டீச்சரம்மா?"

மலர்விழி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"காத்திருப்பேன்."

காசியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஒரு கல் ஆறுவதற்காகக் காத்திருந்ததில்லை. மேலே கரட்டிலிருந்து மணியின் குரல் வந்துகொண்டிருந்தது. "மாமா... மாமா..." ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி. ஒவ்வொரு தடவையும் பதில் இல்லாமல். காசியம்மா விரலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தார். மேகம் பள்ளத்தின் எதிர் விளிம்பைத் தொட்டது. ஏழுமலை வானத்தைப் பார்ப்பதும் மலர்விழியைப் பார்ப்பதுமாக இருந்தார். அவள் தலை நிமிரவே இல்லை.

"இப்ப" என்றாள்.

டிரோன் போன வேகத்தில் திரும்பியது. பாதிப் பள்ளம் மேகத்துக்குள் போய்விட்டது. மீதியில் புள்ளிகள் மங்கியிருந்தன. இரண்டைத் தவிர. அதில் ஒன்று முந்தின படத்தில் இருந்த இடத்தில் இல்லை, நகர்ந்திருந்தது. பன்றியாக இருக்கலாம். இன்னொன்று ஓடை திரும்புகிற இடத்தில், விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பக்கத்தில்.

"இது அசையவே இல்ல" என்றாள் மலர்விழி. சொன்ன பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்தாள்.

காசியம்மா திரையைத் தொட்டார். "சூடா கீறாரா?"

"ம்."

"அது போதும்" என்று எழுந்தார்.

மணிக்குக் குரல் கொடுத்து வரவழைத்துக்கொண்டு இறங்கினோம். உண்ணிச்செடிப் புதர், கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்கல். மேகத்துக்குள் நுழைந்ததும் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. மலர்விழி டவுன் செருப்போடு வந்தாள், பாதி வழியில் அதைக் கழற்றி எறிந்தாள். ஓடையின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. விழுந்து கிடந்த மரம் தெரிந்தது. மணி வேகமாக எட்டு வைத்தான்.

"கிட்ட வராத. கல்லு ஆடுது."

கரகரத்த, பாதி செத்த குரல். ஆனால் வெள்ளையனின் குரல்.

காலையில் பாறை சரிந்திருக்கிறது. இடது கால் அதன் கீழே. மேலே இன்னொரு கல், எப்போது வேண்டுமானாலும் உருளலாம் என்பதுபோல் தொற்றி நின்றது. அதனால்தான் நாளெல்லாம் அசையாமல் கிடந்திருக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இரண்டு எட்டு தள்ளி நின்ற காசியம்மா அவரையே பார்த்துக்கொண்டு, "மூச்சு மட்டும் வுடு, பேசாத" என்றார்.

மணி மரக்கிளை வெட்டி மேல்கல்லுக்கு முட்டுக் கொடுத்தான். ஏழுமலையும் நானும் அதைத் தோளால் தாங்கிக்கொண்டோம். மணி இன்னொரு கட்டையைப் பாறைக்கு அடியில் விட்டு நெம்ப, பெண்கள் இருவரும் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். முட்டு என் தோளில் ஒரு தடவை நழுவியது. அந்த ஒரு நொடியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

வெளியே வந்துவிட்டார். கிழித்த புடவைத் துணியில் தூளி கட்டி மேலே தூக்கினோம். ஜமுனாமரத்தூரில் முதலுதவி, பிறகு அமிர்தி வழியாக வேலூர். வளைவு வளைவாக ஜீப் இறங்கும்போது மலர்விழி ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அவரை நான் துடைச்சிட்டேன் தெரியுமா?"

"நீதானே கண்டுபிடிச்ச."

"ரெண்டாவது தடவை."

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்ல முயலவில்லை.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நம்மில் எத்தனை பேர் 'தெரியலை' என்கிறோம்? ஆபீஸில், டிவி விவாதத்தில், ஏன், இந்தப் பத்தியில்கூட 'இல்லை' என்றுதான் சொல்கிறோம். அது சுத்தமாக இருக்கிறது, சுருக்கமாக இருக்கிறது. கேட்டவர் எழுந்து தப்பான திசையில் நடந்துவிடுகிறார். என் தோழி மீது எனக்கு இருந்த மரியாதை கூடியது அவளுடைய கணக்கால் அல்ல. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சொன்ன வார்த்தையை உடனே திரும்ப வாங்கிக்கொண்டாளே — அதனால்.

இப்போது புரோகிராமை மாற்றிக்கொண்டிருக்கிறாள். எதையெல்லாம் தூக்கிப் போட்டது என்று தனியாக இன்னொரு படத்தில் காட்டிவிட வேண்டுமாம். ஏழுமலைக்குத்தான் இப்போது கவலை. அந்த ஊரில் மறுபடி உள்ளே விடுவார்களா?

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளையனுக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்க மாதக்கணக்காகும். குரல் திரும்பிவிட்டது. காசியம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஏழுமலையின் கவலையை அவரிடம் சொன்னேன்.

"வரட்டும் சார், யார் வேணாம்னாங்க?" என்றார். "ஆனா வர்றப்போ இன்னும் நாலு பேரைச் சேத்துக் கூட்டினு வரச் சொல்லுங்க. படம் எடுக்க ஒருத்தரு போதும்... தூக்கறதுக்குத்தான் ஆளு பத்தல."