ஒன்பது புள்ளி நான்கு

பெயின்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள், நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு வேதியியல் முதுகலையில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. கருவியைக் கையாள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புள்ளியியல்தான் தகராறு.

அன்று மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். முப்பது குழாய்களின் குடிநீரில் ஈயம் எவ்வளவு என்பது அவள் ஆய்வு. அனுமதிக்கப்பட்ட எல்லை லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். முப்பதும் எல்லைக்குள்தான், இருப்பதிலேயே அதிகம் ஒரு மழலையர் பள்ளிக் குழாய், ஒன்பது புள்ளி நான்கு. ஈய அளவு தெரிந்த கரைசல்களை ஓட்டிப் போட்ட அளவுக்கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. கோடு சரிதானா என்று பார்க்க இடையிடையே ஓட்டும் சரிபார்ப்புக் கரைசலும் ஒவ்வொரு முறையும் சொன்னபடி வந்தது.

பதினொரு மணிக்குப் பக்கத்து மேசைக்காரி ஒரு குப்பியை நீட்டினாள். வகுப்பில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"சான்றிதழோட வாங்கின ஈயக் கரைசல்க்கா. கொஞ்சம் மிச்சம். கொட்ட மனசு வரல, உங்க கருவியில ஓட்டிப் பாருங்களேன்."

சான்றிதழ்படி பத்து வர வேண்டும். எட்டு புள்ளி ஒன்பது வந்தது. கருவியின் உறிஞ்சுகுழாயைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினாள். அதே எட்டு புள்ளி ஒன்பது.

"என்னோடது கெட்டுப் போயிருக்கும்க்கா. என் ராசி அப்படி."

"குப்பிய எப்ப திறந்த?"

"நேத்து."

"ஒரு நாள்ல எப்படிடி கெடும்?"



அக்கா தன் மூலக் கரைசல் புட்டியை எடுத்தாள். மூடியில் மயிரிழை விரிசல். மாதக்கணக்கில் நீர் ஆவியாகி, உள்ளே இருந்தது செறிவேறியிருந்தது. அளவுக் கரைசல்களும் சரிபார்ப்புக் கரைசலும் அதிலிருந்தே கலந்தவை. ஆலையில் பழகிய பழக்கம். அங்கே யாரும் தப்பென்று சொன்னதில்லை. பொய் சொன்னவனையே சாட்சிக்கு நிறுத்திய கதை. அளவுகோலே நீண்டுவிட்டால் அளந்ததெல்லாம் குறைவாகத்தான் தெரியும்; அப்படியானால் முப்பது எண்களும் குறைவாக வந்தவை. மழலையர் பள்ளிக்குக் கணக்குப் போட்டாள். பத்தரைக்கு மேல் வந்தது. இன்னொரு முறை போட்டாள். 

இன்று கொடுக்காவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆலை கொடுத்த விடுப்பு இந்த மாதத்தோடு சரி.

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை, பழைய முடிவுகளும் இன்றைய எட்டு புள்ளி ஒன்பதும் இருந்த இரண்டு தாள்களை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த எண்ணை வச்சு மத்ததை எல்லாம் திருத்திடலாம்னு நினைக்கறீங்களா?"

"இல்ல மேடம். புட்டி எப்பத்திலேருந்து இப்படின்னு எனக்கே தெரியாது. புதுசா கலந்து முப்பதையும் ஓட்டணும்."

"அப்ப இன்னிக்குக் கொடுக்க முடியாது. தெரியுதில்ல?"

"தெரியுது மேடம்."

"சனிக்கிழமை கருவி காலியா இருக்கும். விடுப்புக்கு ஆலைக்கு நான் ஒரு கடிதம் எழுதறேன். கேப்பாங்களான்னு சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் கணவர் அழைத்தார். "கொடுத்தாச்சா?"

"இல்லங்க. வீட்டுக்கு வந்து சொல்றேன். இப்ப இன்னொரு இடத்துக்குப் பேசணும்."

மழலையர் பள்ளி எண்ணை அழுத்தினாள். இன்னும் உறுதியாகாத ஒரு செய்தியை எப்படிச் சொல்வது?  மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே தலைமையாசிரியையின் குரல் கேட்டது.

"டீச்சர், போன மாசம் உங்க குழாய்த் தண்ணி எடுத்துட்டுப் போனேனே, அவதான் பேசறேன். நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தேன். அது தப்பா இருக்கலாம். நான் திரும்ப அளந்து சொல்ற வரைக்கும் பிள்ளைங்களுக்கு அந்தக் குழாய்ல குடிக்கக் கொடுக்காதீங்க."