அட்சதையோடு திரும்பி வந்த புடவை

சென்னைக்கு அனுப்பிய கத்தரிப்பூ நிறப் புடவை இன்று கூரியரில் திரும்பி வந்தது. "படத்தில் இருந்த நிறம் இல்லை. ஒருமுறைகூடக் கட்டவில்லை" என்று காரணம் எழுதியிருந்தது.

பிரித்தேன். மடிப்பிலிருந்து மஞ்சள் அட்சதை உதிர்ந்தது. முந்தானையில் சாம்பார் கறை.

புடவை நெய்துகொடுக்கும் அம்மையார்குப்பத்து அண்ணன் அப்போது வீட்டில்தான் இருந்தார்.

"இன்னாம்மா, பொடவ மட்டும் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துகீது? நம்மள ஒரு வார்த்த கூப்பிடலியே!"

சிரித்தார், ஆனால் தொடவில்லை. நெசவு மடிப்பு கலைந்த புடவையை அவர் திரும்ப எடுக்க மாட்டார். நான் புடவை விற்கும் இணையதளமோ எப்போதும் வாங்குபவர் பக்கம். இன்னொரு புகார் வந்தால் என் கடைப் பக்கத்தையே மூடிவிடுவார்களாம்.

புடவையை வாங்கிய அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மேடம், மடிப்புல அட்சதை இருக்குதுங்க."

"உங்க திருத்தணி கோயில் ஊராச்சே! தெனம் கல்யாணம் நடக்கும். உங்க வீட்லயே விழுந்திருக்கும்."

சாம்பார் கறையைப் பற்றிக் கேட்க எனக்கு நா கூசியது. கூச வேண்டியவர் கூசவில்லை.

புடவையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். வேறு வழியில்லை. போனை வைக்கும் முன் அவரே கேட்டார்:

"இதே டிசைன் பச்சையில இருக்குமா? அடுத்த மாசம் ஒரு வளைகாப்பு இருக்கு."

பச்சை இருக்கிறது. அண்ணன் இன்று கொண்டுவந்ததே அதுதான்.

அந்த மேடத்துக்கு என்ன பதில் சொல்லட்டும்? நான் எழுதும் இந்தப் பக்கத்தை என் அம்மாவும் படிக்கிறார், கமெண்டில் பார்த்து எழுதுங்கள்.