செங்கோலும் மாவுக் கரண்டியும்

என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். குளிக்கும்போதும் பேசுவாள், வாய் நிறைய இட்லி இருக்கும்போதும் பேசுவாள். அதனால், பள்ளியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று வகுப்பாசிரியை சொன்னபோது, வேறு யாரோ ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குகிறாளாம். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டுகிறாளாம். சீனியர் கேஜியில் பாதி வருடம் இப்படியே ஓடிவிட்டது.

"எழுத்தெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு வருடம் இங்கேயே இருக்கட்டுமா?" என்று ஆசிரியை இனிமையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பள்ளிக் கேட்டைத் தாண்டியதும், எல்லாவற்றுக்கும் கணவனைக் கேட்பவள் என்று நினைத்திருப்பாரோ என்று உறுத்தியது. திரும்பிப் போய், கேட்க வேண்டியதில்லை, மேலேயே அனுப்பிவிடுங்கள் என்றேன். மறுபடி கேட்டைத் தாண்டியதும், திமிராகப் பேசிவிட்டேனோ என்று உறுத்தியது. மூன்றாவது முறை போக வெட்கமாக இருந்தது. ஆசிரியை நல்லவர். ஒரு வழி சொல்லியிருந்தார்: ஜனவரியில் பேச்சு நாள். அன்று எல்லோர் முன்னாலும் மேடையில் நாலு வாக்கியம் பேசிவிட்டால் போதும், மேலே அனுப்பிவிடுவார்.

என் கணவர் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன். மாலையில் ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பேசாட்டி என்ன? எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேரு பேசறதே இல்ல. புரமோஷன் அவங்கவங்களுக்கு வந்துட்டுதான் இருக்கு" என்றார்.

அந்த ஆண்டு பேச்சு நாளுக்கு ஆங்கிலச் சொற்கள்தான் பொருள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு குழந்தைக்குக் காய்கறிச் சொற்கள், ஒன்றுக்கு வண்டிச் சொற்கள். என் மகளுக்கு ராஜா ராணிச் சொற்கள். காய்கறி கிடைத்த குழந்தையின் அம்மாவைப் பொறாமையோடு பார்த்தேன். கத்தரிக்காயைக் கையில் கொடுத்து மேடையேற்றிவிடலாம். ராஜாவைப் பற்றி ஐந்து வயதுக் குழந்தை என்ன சொல்லும்?

நான் எம்.காம். படித்தவள். எதையும் ஆதாரமில்லாமல் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். வேலைக்குப் போக திலக் நகரில் ரயில் ஏறி வாஷியில் இறங்கும்வரை, தினமும் போனில் அந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். நாலு வாக்கியத்துக்கு இவ்வளவு தேவையா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தப்பாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, அதை யாராவது கண்டுபிடித்துவிட்டால்?

'கிங்' என்பது குலம், உறவு என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அப்படியானால் அவன் முதலில் சொந்தக்காரர்களில் ஒருவன், அவ்வளவுதான். சொந்தக்காரர்களில் ஒருவன் எப்படி எல்லோரையும் அதட்டத் தொடங்குகிறான் என்பது கல்யாண வீடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். 'குயின்' என்றால் ஆதியில் வெறும் பெண், அல்லது மனைவி. பிறகு ராஜாவின் மனைவிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் படிப்படியாகக் கீழே இறங்கி, நல்ல வீட்டில் சொல்லக்கூடாத வசவாகிப் போனது. மான்கூர்டு ஸ்டேஷன் தாண்டும்போது அதைப் படித்து, போனை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவை வேறு இரண்டு சொற்கள். 'நைட்' என்பவன் குதிரையேறிய வீரன், ராஜாவிடம் 'சர்' பட்டம் வாங்குகிறவன். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தொடக்கத்தில் பையன், எடுபிடி என்றுதான் பொருள். 'நேவ்' என்ற சொல்லுக்கும் தொடக்கத்தில் அதே பொருள்தான், பையன், எடுபிடி. ஒன்று ஏறி ஏறி 'சர்' ஆனது. மற்றொன்று இறங்கி இறங்கி அயோக்கியன் என்று ஆகிவிட்டது. இரண்டு பையன்களும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வருடத்தில் பிரிந்தார்கள்? அவர்களில் யாரையாவது சீனியர் கேஜியில் நிறுத்திவைத்தார்களா? இதைக் கணவரிடம் கேட்டேன். அவர் மின்விசிறியை ஒரு எண் கூட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

கடைசியாகத்தான் 'லார்டு', 'லேடி' இரண்டுக்கும் வந்தேன். லார்டு என்றால் ரொட்டியைக் காப்பவன். லேடி என்றால் ரொட்டிக்கு மாவு பிசைபவள். வீட்டில் ரொட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் மற்றவர்களுக்குப் பெரியவர். அங்கிருந்து கிளம்பி, அரண்மனை வரை போய்விட்டார்கள். இது கணவருக்கும் பிடித்திருந்தது. மறுநாள் காலை சைக்கிளில் பாவ் ரொட்டி கொண்டுவந்தவரை "மை லார்ட், சார் பாவ் தேனா" என்று வரவேற்று, நாலு பாவ் வாங்கினார்.

ஒரு கருத்தரங்கக் கட்டுரை அளவுக்கு எழுதி, அதை வெட்டி வெட்டி ஐந்து சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கினேன். கிங் என்பவர் நம் சொந்தக்காரர். குயின் என்பவர் ஒரு பெண். நைட் என்பவன் ஒரு பையன். லார்டு ரொட்டியைக் காப்பவர். லேடி மாவு பிசைபவர். இனிக் குழந்தை அதை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குத்தான் நேரமில்லை. பள்ளி விட்டதிலிருந்து நான் வேலையிலிருந்து வரும்வரை அவள் கீழ்த்தளத்து அக்கா வீட்டில்தான் இருப்பாள்.

அந்த அக்கா தாராவியில் பிறந்து வளர்ந்து, திலக் நகருக்குக் கல்யாணமாகி வந்தவர். இரண்டு பெரிய கிரைண்டர்களை வைத்துக்கொண்டு இட்லி மாவு விற்கிறார். மாலையானால் அவர் வாசலில் டப்பாவோடு வரிசை நிற்கும். தாளை அவரிடம் கொடுத்து, அந்தச் சொற்களின் கதையையும் சொல்லி, மத்தியானம் ரெண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்றேன். "எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. அவ வாசிப்பா, நான் ஊங்கொட்டுதேன்" என்றார்.

ஒருநாள் சீக்கிரம் வந்தேன். அக்காவின் வாசலில், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் என் மகள் நிற்கிறாள். கையில் மாவுக் கரண்டி. முன்னால் அண்டா. எதிரே ஐந்தாறு பேர் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்னக்கா இது? குழந்தை கையில போயி..."

"நானா குடுத்தேன்? பிடுங்கிட்டு நிக்கா. வேண்டாம்ட்டின்னா, 'பெரிம்மா, நீ காசு வாங்கு, நான் ஊத்துதேன்'ங்கா. நல்லா ஊத்துதா, ஒரு சொட்டு வெளிய போகல."

"பாடம் படிக்கணுமேக்கா."

"அதத்தான படிக்கா. கேளுங்க. ஏட்டி ராசாத்தி, அண்ணாச்சிக்கு ஒரு கிலோ போடு."

கரண்டி அண்டாவுக்குள் போனது. கிங் என்றாள், தூக்கினாள், சொந்தக்காரர் என்று டப்பாவில் ஊற்றினாள். அடுத்த கரண்டியில் குயின் வந்தது. ஒரு கரண்டிக்கு ஒரு வாக்கியம், தங்குதடையில்லாமல். லேடி மாவு பிசைபவள் என்று முடித்ததும், டப்பாவை மூடிக்கொண்டிருந்த அண்ணாச்சி கேட்டார்.

"பாப்பா, எங்க வீட்டுக்காரி ஒருநாளும் மாவாட்டுனதில்ல. அப்ப அவ லேடி இல்லியா?"

"இல்ல" என்றார் அக்கா முந்திக்கொண்டு. "நாந்தான் லேடி. அவுக கஸ்டமர்."

"அப்ப நான்?"

"டப்பா தூக்கிட்டு வாற எடுபிடிப் பையன் நீங்க. கவலப்படாதிய, பொறவு சார் ஆயிருவிய."

வரிசையில் இருந்த ஒரு மராத்திப் பெண், டப்பா இல்லாமல் பையோடு வந்திருந்தார். என் மகள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, அக்காவின் குரலிலேயே, "தைலி மே நஹீ மிலேகா. டப்பா லேகே ஆவோ" என்று டப்பா எடுத்துவரத் திருப்பி அனுப்பினாள்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கையை இப்படி ஆட்டுகிறாளே, மேடையில் போய் நின்றும் ஆட்டுவாளே என்ற கவலைதான் வந்தது. நான் படித்த காலத்தில், பேச்சுப் போட்டியில் கையை வீணாக அசைத்தால் மார்க் போய்விடும். அன்றிரவிலிருந்து பயிற்சியை நான் எடுத்துக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று சொல்ல வேண்டும்.

கையைக் கட்டியதும் அவளுக்குக் கிங் மட்டும் வந்தது. குயின் வரவில்லை. வலது கை கக்கத்திலிருந்து மெல்ல வெளியே வரும். "கை" என்பேன். உள்ளே போகும். அதோடு வார்த்தையும் உள்ளே போய்விடும்.

"கைய விடேன்மா. அவ கையோட உனக்கென்ன சண்ட?" என்றார் கணவர்.

"ஆட்டிக்கிட்டே இருக்காளே."

"அப்ப கையில ஏதாவது குடு. ராணிதானே, செங்கோல் புடிக்கட்டும்."

பிளாஸ்டிக் பைப் ஒன்றை அறுத்து, நுனியில் ஒரு பந்தைச் செருகி, தங்கக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். கிரீடத்துக்கு மாட்டுங்காவில் நாட்டிய உடுப்பு வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன். ஆண்டு விழாக் காலம். எல்லா ராணிக் கிரீடமும் போய்விட்டது, அம்மன் கிரீடம்தான் இருக்கிறது என்றார்கள். இங்கிலாந்து ராணிக்கு அம்மன் கிரீடம் சரியாக இருக்குமா என்று கடைவாசலில் வெகுநேரம் யோசித்து, வாங்கிக்கொண்டேன். பேச்சு நாளன்று பள்ளி வாட்ச்மேன் அவளைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அக்காவும் பட்டுப்புடவையில் வந்திருந்தார். அன்று சனிக்கிழமை. திரும்பும்போது அவரிடமே மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று என் பையில் காலி டப்பா வைத்திருந்தேன். முதலில் கத்தரிக்காய்க் குழந்தை வந்து, கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டிப் பேசி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போனது. அடுத்து என் மகள்.

மைக் முன்னால் வந்து நின்றாள். பேசவில்லை. மேடை ஓரத்தில் நின்ற ஆசிரியை புன்னகையோடு தலையசைத்தார். பேசவில்லை. முதல் வரிசையில் பிரின்சிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துக் கிங் கிங் என்று காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வருடம், இன்னொரு முழு வருடம் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

அப்போது செங்கோலைக் கவனித்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பந்து கீழே. மெதுவாகத் தாழ்த்தினாள், தூக்கினாள், முன்னால் நீட்டி அந்தரத்தில் நிறுத்தினாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அக்காவின் வாசலில் ஒருவர் டப்பா மூடியைத் திறக்கத் தடுமாறும்போது, அடுத்து நிற்பவரை விட்டுவிட்டு அவரையே பார்த்தபடி நிற்பாளே, அது. அவள் பயந்து நிற்கவில்லை. அவள் முன்னால் பாத்திரம் இல்லை.

பையில் டப்பா இருந்தது. எழுந்திருக்கலாமா? எழுந்தால் உதவி செய்ததாகக் கணக்காகுமா? பிரின்சிபால் என்ன நினைப்பார்? இந்த அம்மாவுக்குத்தான் முதலில் ஏதோ கோளாறு என்று எழுதிவிடுவார்களோ? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நடுவழியில் நடந்துகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மேடைக்குக் கீழே போய் நின்று டப்பாவைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது. இழுத்த வேகத்தில் கழன்று விழுந்து, தரையில் வட்டமடித்து, அரங்கம் முழுவதும் கேட்கும்படி ஒருவழியாக அடங்கியது. இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கி நீட்டினேன்.

அவள் டப்பாவைத்தான் பார்த்தாள். செங்கோல் இறங்கியது.

கிங் என்பவர் நம் சொந்தக்காரர் என்று மைக்கில் குரல் கேட்டது. டப்பாவில் கவிழ்த்தாள். குயின் ஒரு பெண். கவிழ்த்தாள். நைட் ஒரு பையன். லார்டு ரொட்டியைக் காப்பவர். லேடி மாவு பிசைபவள். பின்வரிசையிலிருந்து "நாந்தான்" என்று அக்காவின் குரல் வந்தது. அரங்கம் சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரிப்பதில்லை. நான் இன்னும் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, மைக்கில், "ஹோ கயா. நெக்ஸ்ட்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இறங்கி வந்தவளைக் கூட்டிக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "நாலு வாக்கியம் கேட்டேன், ஐந்து சொல்லிவிட்டாள். ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு யூனிஃபார்ம் வாங்கிவிடுங்கள்" என்றார். பிறகு என் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் சின்னதாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைப் பள்ளிப் பையில் வைத்து அனுப்பினேன். மூடியோடு அனுப்புவதா, மூடியில்லாமலா என்று குழம்பி, தூசி விழுமே என்று மூடியோடு அனுப்பினேன். அன்று அட்டெண்டன்ஸில் என் மகள் "பிரசண்ட் டீச்சர்" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாளாம். ஆனால் ஆசிரியை மூடியைத் திறக்கும்வரை காத்திருந்தாளாம்.