வாசலோரப் பை

மேலாளர் மறுபடியும் 'ஃபாஸ்டர்' என்றார். புதிய யோசனைகளை ஃபாஸ்டர் பண்ண, அதாவது ஊட்டி வளர்க்க வேண்டுமாம். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே வற்றல் மிளகாய் நெடி மூக்கில் ஏறும்.

போனக்காட்டு மலையில் தேயிலை பறித்த அம்மா, படிப்புக்காக என்னை நகரத்தில், சாலைக் கடைத்தெருவில் இருந்த சித்தியிடம் விட்டிருந்தாள். மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் வீடு. அப்பா எப்போது வந்தாலும் கூட்டிப்போக வசதியாக, என் துணிகளைப் பையிலேயே வைத்து வாசலோரம் வைத்திருப்பாள் சித்தி. மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தாலே நான் பையைப் பார்ப்பேன்.

ஒருநாள் டீச்சர் எல்லோர் முன்னும் சித்தியை என் 'ஃபாஸ்டர் மதர்' என்றார். சித்தி சிரித்துத் தலையாட்டினாள். திரும்பும் வழியில் கேட்டாள்.

"ஏட்டி, அப்படின்னா என்ன?"

"பெறாம வளக்குற அம்மா."

"பெறாமங்கிறதும் அதுல இருக்கா?"

"இருக்கு சித்தி."

வீட்டுக்கு வந்ததும் என் துணிகளைத் தன் பீரோவில் சேலைகளுக்கு நடுவே அடுக்கினாள். வெறும் பையை மண்டிக்குக் கொடுத்துவிட்டாள்.

சாயங்கால பஸ் ஹாரன் அடித்தது. நான் பை இல்லாத வாசலைப் பார்த்தேன்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேலாளர். இல்லை என்றேன். மேஜைக்கடியில் என் கால் ஆபீஸ் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.