பாட்டு முடிந்தால் டீ

துபாய் குசைஸில் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் தான்சானியா நர்ஸ் இன்று ஒரு ஸ்வாஹிலிப் பாட்டைப் போட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எழுபதுகளில், இதே துபாயின் தேராவில் எங்கள் எதிர்வீட்டு மரியம் ஆன்ட்டி இதே பாட்டைத்தான் தினமும் போடுவார். தான்சானியாவின் சான்சிபார் தீவில் வளர்ந்தவர். அசர் தொழுகை முடிந்ததும் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, அரிசியில் கல் பொறுக்க உட்காருவார். முற்றமெல்லாம் கிராம்பு வாசனை அடிக்கும். சான்சிபாரில் தான் விரும்பிய பையன் பாடின பாட்டு என்று அம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஒருநாள் கேசட் சிக்கிக்கொண்டது. ஆன்ட்டியின் கணவர் சலீம் பாய் தரையில் உட்கார்ந்து, பென்சிலைச் செருகிப் பொறுமையாக நாடாவைச் சுற்றினார். அம்மா தன் அரைகுறை இந்தியில் கேட்டே விட்டாள்.

"பாய், உங்களுக்குக் கோபமே வராதா?"

"எதுக்கு? பாட்டு முடிஞ்சதும் இவ கிராம்பு டீ போடுவா. அது அந்தப் பையனுக்கா கிடைக்குது?"

உள்ளே ஆன்ட்டி சிரிப்பது கேட்டது.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. டீக்குத் தண்ணீர் வைத்து, இரண்டு கிராம்பைத் தட்டிப் போட்டேன்.

ஹாலிலிருந்து கணவர், "இப்பத்தானே குடிச்சோம்?" என்றார்.

"பாட்டு முடிஞ்சிடுச்சுங்க" என்றேன்.