சிரிக்க வைத்து உள்ளே போன நாள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. குடும்பத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருப்பதால், இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன்.

அக்கா பிறந்தது பூதலூர் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அவரைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பினார்கள். என்னையும் படிக்க வைக்கப் பார்த்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு ஆசிரியர்களுக்கு விடுதலை கொடுத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அக்கா முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். ஒருவரைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட விடமாட்டார். கையுறை போட்டிருந்தாலும் அப்படித்தான். “நேரமில்ல சிஸ்டர்” என்பவர்களிடம், “காய்ச்சல் வந்தா மட்டும் நேரம் இருக்குமா?” என்பாராம். என் மகள் பிறந்தபோது, கை கழுவாமல் தூக்க வந்த என் மாமியாரையே திருப்பி அனுப்பினார். அதை மட்டும் நான் தடுக்கவில்லை.

பிறகு அக்காவுக்கே இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றியதில் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிவிட்டது. தனி அறை, கழுத்தோரம் மருந்துக் குழாய். சின்னக் கிருமியும் ஆபத்து என்று டாக்டர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

குறுவை நடவு முடிந்த அன்று வயலிலிருந்து நேராகப் பஸ் ஏறினேன். மடியில் கோயில் திருநீறு. அதை நம் கையாலேயே நெற்றியில் பூசினால்தானே நமக்கு மனசு ஆறும்.

வாசலில் நர்ஸ் நிறுத்தினார். “அண்ணே, கையக் கழுவிட்டுப் போங்க.”

“காலையிலேருந்து காவிரித் தண்ணியிலதாம்மா நிக்கிறேன். இன்னும் கழுவுனா கை கரைஞ்சிடும்.”

அவர் சிரித்துவிட்டார். நான் நுழைந்துவிட்டேன்.

நெற்றியில் பூசும்போது கொஞ்சம் கழுத்துக் குழாயைச் சுற்றியிருந்த கட்டின்மேல் உதிர்ந்தது. விரலால் தட்டிவிட்டேன்.

“அவளச் சிரிக்க வச்சுட்டு வந்தியாடா?” என்றார் அக்கா.

“ஆமாக்கா.”

“அவ சிரிச்சிருக்கக் கூடாது.”

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சலில் அக்காவின் உடம்பு தூக்கிப் போட்டது. என்ன வந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. “குளிருதும்மா. ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பு. கையக் கழுவிட்டு எடு” என்று அந்த நர்ஸிடம் அவரே சொன்னாராம்.

“என்னாலதானா டாக்டர்?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது” என்றார்.

ஓராண்டாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அத்தானுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி. வாசலில் நின்ற அந்தச் சகோதரிக்கு நன்றியோடு என் மன்னிப்பும். கடைசி நாள் நான் பழக்கதோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கதவை மறித்து நின்றார்.

“இன்னிக்கு சிரிக்க மாட்டேண்ணே. கழுவுங்க.”

முழங்கை வரை கழுவினேன். உள்ளே போனபோது அக்காவுக்கு நினைவில்லை.