ஞான உபதேச வகுப்பும் ரீத்தாவின் ஆஸ்டல் சீட்டும்

ஞாயிறு பூசை முடிந்து ஊரே இட்லியை நினைத்து வீட்டுக்கு ஓடும்போது, முப்பது பிள்ளைகளை மட்டும் ஓடவிடாமல் மறித்து, கோயில் வராந்தாவில் உட்காரவைத்து, வெறும் வயிற்றோடு இருப்பவர்களுக்குப் பரலோகத்தை விளக்குவதுதான் ஞான உபதேச டீச்சரின் வேலை. சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு காலண்டர் தருவார்கள். இந்த வேலையைப் பார்த்த புண்ணியவதிகள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இது எண்பதுகளின் நடுவில், கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், நான் மூன்று மாதம் குழம்பிய கதை.

வேலையில் சேர்ந்தது

பிளஸ் டூ முடித்து, கடத்தூரில் டைப்பிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டுக்காகக் காத்திருந்தேன். சும்மா இருப்பவள் கண்ணில் பட்டால் எங்கள் மாதா கோயில் சாமியார் விடுவாரா? பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க மூன்று மாதத்தில் ஆயர், அதாவது பிஷப், வருகிறார், வழக்கமாகப் பாடம் எடுக்கும் உபதேசியார் கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் போய்விட்டார், நீ எடு என்றார். உறுதிபூசுதல் என்றால் சும்மா இல்லை. குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் நமக்காகச் சொன்ன விசுவாசத்தை, விவரம் தெரிந்த வயதில் நம் வாயாலேயே ஆயர் முன்னால் சொல்வது. ஆயர் திடீர் திடீரென்று கேள்வியும் கேட்பார். பிள்ளைகள் முழித்தால் மானம் போவது டீச்சருக்கு.

"சாமி, எனக்கே விசுவாசப் பிரமாணத்துல பாதிதான் புரியும்" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் அசரவில்லை. "முழுசாப் புரிஞ்சவங்க இந்த ஊர்ல யாரும் இல்லம்மா, என்னையும் சேத்துத்தான். பிள்ளைங்க கேள்வி கேட்டா ஒரு பாட்ட ஆரம்பிச்சு வுட்டுடு."

வலையும் ஆடும்

முதல் பாடம் சீடத்துவம். மீனவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்று உருக்கமாகச் சொன்னேன். "இப்ப நம்ம ஊருக்கு வந்து அவர் கூப்பிட்டா, நீங்க எதை விட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். ஒருத்தி கிழிந்த பாவாடை என்றாள். ஒருவன் கணக்குப் பாடம் என்றான். அதில் அவனுக்கு இருந்த பக்தியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

ஆரோக்கியம் என்றொரு பையன், பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் ஆடு மேய்ப்பவன், வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்தான். "வலைய வுட்டுட்டுப் போலாங்க டீச்சர், அது எங்கியும் போவாது. ஆட்ட வுட்டுட்டுப் போனா அது அடுத்த வூட்டு சோளத்த மேயும், சாயங்காலம் சண்டைக்கு வர்றவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?"

நான் பாட்டை ஆரம்பித்தேன்.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் கேட்டதே மண்டையில் குடைந்தது. அடுத்த வாரம் சாமியாரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பையன ஆயர் கண்ணுல படாம பின்னாடி உக்கார வை."

சிலுவை வீட்டுப்பாடம்

அவரவர் சிலுவையைச் சுமப்பது அடுத்த பாடம். பிள்ளைகளுக்குப் புரியும்படி இருக்கட்டும் என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு கஷ்டத்தை, யாரிடமும் சொல்லாமல், முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கே என் யோசனை பிடித்துப்போனது.

புதன்கிழமையே சூசையின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் சோடாப் பாட்டிலை உடைத்தவன் எவனோ. வாத்தியார் கேட்டபோது சூசை வாயே திறக்காமல் கையை நீட்டி அடி வாங்கியிருக்கிறான். விஷயம் பரவியதும் வகுப்பில் யார் எதை உடைத்தாலும் சூசையைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நாளில் நான்கு தடவை அடி. அவன் கை வீங்கியிருந்தது, முகத்திலோ அப்படி ஒரு திருப்தி. அவனைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று தெரியாமல் நான் நிற்க, அவன் அம்மா சொன்னாள்: "எம்புள்ள சிலுவைய தூக்கட்டுங்க, வேணாங்கல. மத்தவனுங்க அது மேல ஏறி உக்காந்துக்கறானுங்களே, அதுக்கு ஒங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்குது?"

ரெண்டு பேர்

என் பதிவேட்டில் ரீத்தா மேரி என்று ஒரு பெண். எட்டாவது முடித்தவள். ஆஜர் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது, அவ்வளவு மெல்லிய குரல். ஒருநாள் கடத்தூர்ச் சந்தையில் அவளைப் பார்த்து "ரீத்தா!" என்று கூப்பிட்டேன். அவள் கூட இருந்த பள்ளித் தோழிகள் யாரைக் கூப்பிடுகிறேன் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்!

கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அவள் அம்மா என்னைத் தனியே இழுத்துப் போய் விவரம் சொன்னாள். கோயிலில் ரீத்தா, பள்ளிக்கூடத்தில் செல்வி. முதல் வகுப்பில் சேர்க்கும்போதே செல்வி, இந்து என்று எழுதிக்கொடுத்தாயிற்று. எங்கள் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். சர்டிபிகேட்டில் இந்து என்று இருந்தால்தான் தாழ்த்தப்பட்டோர் சலுகை, கிறிஸ்தவர் என்றால் கிடையாது. இப்போது தர்மபுரியில் ஆஸ்டல் சீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். கிடைத்தால் ஒன்பதாவது. கிடைக்காவிட்டால் சித்தப்பாவோடு பெங்களூரில் கட்டட வேலைக்கு மண் சுமக்க அனுப்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை. இது பொய் இல்லையா என்று நான் மெதுவாகத்தான் கேட்டேன். அவள் கீரைக்கட்டைப் பையில் திணித்தபடி சொன்னாள்: "சாமிக்கு ரீத்தாவ தெரியும், சர்க்காருக்கு செல்விய தெரியும். ரெண்டு பேரும் சந்திச்சுக்கப் போறதில்லீங்க டீச்சர்."

சோளத்தட்டை ஈட்டி

இதைக் கேட்ட பிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பாடத்திட்டத்தில் அடுத்து வந்தது விசுவாச அறிக்கை. மனிதர் முன்னால் என்னை ஏற்றுக்கொள்கிறவனை நானும் ஏற்றுக்கொள்வேன் என்று இயேசு சொன்னதை எப்படிப் புரியவைப்பது? நாடகம் போட்டேன். ஆரோக்கியம் ரோமச் சிப்பாய், கையில் சோளத்தட்டை ஈட்டி. வழியில் வருகிறவரை மறித்து "நீ யார்?" என்பான். "நான் கிறிஸ்தவன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும், சொன்னவரைச் சிப்பாய் ஈட்டியால் குத்துவான்.

பையன்கள் எல்லோரும் முனகிவிட்டு ஓடினார்கள். ரீத்தாவின் முறை வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்! "நான் கிறிஸ்தவள்!" என்று அவள் கத்தியதில் கோயிலுக்குள் மெழுகுவர்த்தித் தண்டு துடைத்துக்கொண்டிருந்தவர் வெளியே ஓடிவந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. சந்தையில் கேட்டதெல்லாம் அந்த நிமிஷம் மறந்தே போனது. "பஸ்ல, கடையில, ஆபீஸ்ல, யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்" என்று எல்லோருக்கும் அவளை உதாரணமாகக் காட்டினேன். சிப்பாய் மட்டும் ஈட்டியை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டான்: "இவ்வளவு சத்தமா சொல்ற புள்ளய குத்தித்தான் ஆவணுமுங்களா டீச்சர்?"

திங்கட்கிழமை

மறுநாள் ஆஸ்டல் நேர்முகம். அதிகாரி பெயர் கேட்டார். செல்வி என்றிருக்கிறாள். வகுப்பு, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, சும்மா வழக்கத்துக்கு, மதம் என்றிருக்கிறார். அவள் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொல்லியிருக்கிறாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். சர்டிபிகேட்டில் ஒன்று, வாயில் ஒன்று, விசாரித்துவிட்டு வாருங்கள் என்று காகிதத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

அவள் அம்மா அழுதுகொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை அப்படியே செய்துவிட்டது. மூன்று மாதத்தில் சூசையை விட்டால் அப்படிச் செய்த ஒரே பிள்ளை அவள்தான். அதனாலேயே அவள் படிப்பு போகப்போகிறது. இதற்கு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, நீங்களே வந்து அது வெறும் நாடகம்னு சொல்லிடுங்க டீச்சர்."

எந்த ஸ்கூல் டீச்சர்?

அடுத்த திங்கட்கிழமை மூவரும் காலை பஸ்ஸில் தர்மபுரி போனோம். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் திருட்டு அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி. டீச்சர் என்றேன். "எந்த ஸ்கூல்?" சங்கிலியை இழுத்து விட்டுக்கொண்டேன். "ஸ்கூல் இல்லீங்க சார், பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக்குடுக்கறனுங்க. அன்னைக்கு இவ சொன்னது நாடகத்துல வர்ற வசனம்" என்றேன். "அப்ப இது கிறிஸ்தவப் பொண்ணு இல்லியா?" "இல்லீங்க." "நீங்க?" "நானும் இல்லீங்க." என்னைக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதனால் ஒன்றும் கெட்டிருக்காது. ஆனால் ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. ரீத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபமிருந்தால் தேவலை, குழப்பம்தான் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சீட்டு கிடைத்துவிட்டது. காகிதத்தை நீட்டும்போது சொன்னார்: "நாடகமெல்லாம் ஞாயித்துக்கெழமையோட வெச்சுக்கங்கம்மா, இங்க திங்கக்கெழம."

ஊருக்கு வந்ததும் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நேரே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சாமியார் கேட்டார்: "சீட்டு கெடைச்சுதா?"

ஆயர் கேட்ட கேள்வி

உறுதிபூசுதல் அன்று ரீத்தா வரமாட்டாள் என்றே நினைத்தேன். வெள்ளைப் பாவாடை தாவணியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஆயர் நேராக அவளைத்தான் எழுப்பினார். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீடர் யார் என்றார். "இராயப்பர்" என்றாள், பேதுருவுக்கு எங்கள் கோயிலில் அதுதான் பெயர். ஏன் மறுதலித்தார்? பயத்தினால் என்பது புத்தகத்தில் உள்ள பதில். நான்தான் மனப்பாடம் செய்யவைத்திருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்று நான் அதையே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி ஒருமுறை என்னைத் தேடினாள். பிறகு ஆயரைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "தெரியலீங்க சாமி, யாரோ ஒரு புள்ளைக்கு அதனால ஒரு காரியம் ஆவ வேண்டியிருந்துருக்கும்."

ஆயர் அவளை உட்காரச் சொன்னார், அது சரியா தப்பா என்று அவரும் சொல்லவில்லை, அவரிடம் போய்க் கேட்கும் தைரியம் அவளுக்குப் பாடம் எடுத்த எனக்கும் இல்லை.